மின்தடை அன்று வந்த அஞ்சலி

இது நடந்தது. சத்தியம் எல்லாம் செய்ய மாட்டேன். எங்கள் ஊரில் சத்தியம் செய்கிறவர்களைத்தான் யாரும் நம்புவதில்லை. நான் ஸ்ரீரங்கத்துக்காரன். திருச்சி முழுக்கச் சுற்றிக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். யாராவது பேய் என்று சொன்னால், ‘ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க’ என்று சொல்லிப் பழக்கம். இந்த விஷயத்தில் அதையும் செய்து பார்த்துவிட்டேன்.

உறையூரில் அழகிரி என்பவர் ஃப்ளெக்ஸ் பிரஸ் வைத்திருக்கிறார். பிறந்தநாள், காதுகுத்து, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அடிப்பார். எந்த பேனராக இருந்தாலும் ஓரத்தில் அவர் படமும் கூலிங் கிளாஸோடு நிற்கும். சில அஞ்சலி பேனர்களில் செத்தவர் யார் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

போன மாதம் அவர் ஒரு ஃபைல் சர்வர் வாங்கினார். எல்லா டிசைன்களையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கிற பெட்டி. செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அதற்கு வாசலில் இருபது அடி பேனர்: ‘டேட்டா சென்டர் திறப்பு விழா’. டேட்டா சென்டர் என்பது முன் அறையில், பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் இருந்த அலமாரி. சர்வருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, காற்றுப் போகிற ஓட்டைகளில் எல்லாம் சந்தனத்தை அப்பியிருந்தார்கள். நான் போய் முதல் வேலையாக ஒரு குச்சியை வைத்து அதை நோண்டி எடுத்தேன்.

சிக்கல் பழைய மெஷின்களில்தான். ஜன்னல் இல்லாத உள் அறையில் மூன்று இருந்தன. டப்பா மானிட்டர், மஞ்சளாகிப்போன கீபோர்டு. பேனர் பிரிண்டர் இவற்றோடு மட்டும்தான் பேசும் என்பதால் தூக்கிப் போட முடியாது. சுவரோரம் இருந்தது பீமராவுடைய மெஷின். அந்த பிரஸ்ஸின் முதல் டிசைனர் அவர். போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது என்றார்கள். கீபோர்டின் மேல் அவர் போட்டு வைத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

இப்போதைய டிசைனர் ஜெஸ்லின். பாலக்கரைப் பெண். ராவிடம் வேலை கற்றவள்.

“ராவ் சார் ஒரு வேலை பண்ணுவாருண்ணே. யாருக்காவது பர்த்டே பேனர் செஞ்சா, கையோட கண்ணீர் அஞ்சலியும் செஞ்சு வச்சிருவாரு. மறைவு தேதி மட்டும் காலியா இருக்கும்.”

“அடப்பாவமே, எதுக்கு?”

“சாவு ஆர்டர் வந்தா அரை மணியில குடுக்கணும்ல. முகம் அதேதான். சிரிப்பைக் கொஞ்சம் குறைப்பாரு, அவ்ளோதான்.”

பழைய மெஷின்களுக்குப் புது சர்வர் கண்ணிலேயே படவில்லை. காரணம் இருக்கிறது. பழசுகள் பேசுகிற முறை பாதுகாப்பு இல்லாதது. அதனால் புதுப் பெட்டிகள் அதைக் காதிலேயே வாங்காது. சர்வர் செட்டிங்ஸில் போய், ‘பழைய முறையில் வருகிறவர்களையும் அனுமதி’ என்று நாம்தான் மாற்ற வேண்டும். மாற்றினேன். சிவப்பில் ஓர் எச்சரிக்கை வந்தது: இப்படித் திறந்தால் தெரியாதவர்கள் உள்ளே வரக்கூடும், சம்மதமா?

சம்மதம் என்று தட்டினேன்.

“பாஸ்வேர்டாவது வைக்கலாம் சார்” என்றேன்.

அழகிரிக்குக் கோபம். “என் ஆபீஸ்ல எனக்கே பாஸ்வேர்டா? இந்த அழகிரி வீட்டுக் கதவு யாருக்கும் மூடினதில்ல தம்பி. எல்லாரும் வரட்டும்!”

சரி, எல்லாரும் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று புதன்கிழமை. மாதாந்திர மின்தடை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம் அஞ்சுக்குத்தான் வரும். பிரிண்டர் ஓடாது என்பதால் ஆட்களுக்கு லீவு. நான், ஜெஸ்லின், அழகிரி, மூன்றே பேர். காலையிலேயே வந்து மூன்று மெஷினையும் சர்வரோடு இணைத்துவிட்டேன். சொன்னபடி கரண்ட் போனது. உள் அறை இருட்டானது. முன் அறையில் சர்வரும் ஜெஸ்லினுடைய புதுக் கம்ப்யூட்டரும் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடின. உள் அறைக்கு இன்வெர்ட்டர் லைனே கிடையாது.

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உள் அறையில் ஒரு சொட்டு மின்சாரம் இல்லை.

பேய்க்கு ராத்திரிதான் தோது என்று நினைத்திருந்தேன். இது பட்டப்பகல். வெளியே டவுன் பஸ் ஹாரன். எதிரே டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம். மணி பன்னிரண்டே கால் இருக்கும்.

“அண்ணே, இந்த ஃபைலை நீங்க போட்டீங்களா?” என்றாள் ஜெஸ்லின்.

சர்வரில் பொது ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தாள். புதிதாக ஒரு படம். கறுப்பு பார்டர். ஓரத்தில் குத்துவிளக்கு. மேலே சிவப்பில் ‘கண்ணீர் அஞ்சலி’. நடுவில் காலி.

“நான் எங்க போட்டேன்? நீ போட்டிருப்ப.”

“இது ராவ் சார் விளக்குண்ணே. நான் இந்த விளக்கு வைக்கிறதே இல்ல.”

சர்வருக்குள் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று காட்ட ஒரு பக்கம் உண்டு. பார்த்தேன். இரண்டு பெயர். ஒன்று ஜெஸ்லின்.

இன்னொன்று ராவ்.

“ராவ் மெஷினை நீ ஆஃப் பண்ணலையா?”

“கரண்டே இல்ல. என்னத்தண்ணே ஆஃப் பண்றது?”

படத்தை அழித்தேன். திரும்பி வந்தது. இந்த முறை நடுவில் காலி இல்லை. ‘தோற்றம்’ என்று போட்டு, ஒரு தேதி.

ஜெஸ்லின் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். வருஷா வருஷம் நாற்பது அடி பேனரில் அவள் போடுகிற பிறந்தநாள் தேதி அது.

“சார்… இது உங்க தேதி.”

அழகிரி எட்டிப் பார்த்தார். “யாருய்யா அது விளையாடுறது? நான் யாரு தெரியுமா?”

அதற்குத் தெரிந்துதான் இருந்தது. அடுத்த நொடி அவருடைய படம் வந்து உட்கார்ந்தது. கூலிங் கிளாஸ் இல்லை. சிரிப்பைக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

டக்… டக்டக்… டக்.

உள் அறையிலிருந்து.

மொபைல் டார்ச்சை அடித்துக்கொண்டு போனேன். யாரும் இல்லை. மூன்று மானிட்டரும் கறுப்பு. ராவ் மெஷினின் பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன். கை மயிர் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. பழைய டிவியை அணைத்த உடனே கண்ணாடியைத் தொட்டால் சடசடக்குமே, அதே சடசடப்பு. மூன்று மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத மானிட்டரில்.

டார்ச்சைக் கீழே இறக்கினேன்.

கீபோர்டில், பிளாஸ்டிக் உறைக்குக் கீழே…

எழுத்துகள் அமுங்கிக்கொண்டிருந்தன.

ஒவ்வொன்றாக. நிதானமாக. யோசித்து யோசித்து அடிக்கிற மாதிரி.

சர்வருக்குப் போகிற கேபிளைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினேன். கையில் வந்துவிட்டது.

டக்… டக்.

நிற்கவில்லை.

“அண்ணே! இங்க வாங்க! சாருக்கு என்னமோ ஆகுது!”

ஓடினேன். அழகிரி நாற்காலியில் சரிந்திருந்தார். இடது கை நெஞ்சில். சட்டை முழுக்க வேர்வை. திரையில் ‘மறைவு’ என்ற சொல் வந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் தேதி ஒவ்வொரு எழுத்தாக விழுந்துகொண்டிருந்தது.

நாள் விழுந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது.

மாதம் விழுந்தது. உதடு நீலமானது.

சர்வரின் பட்டனை அழுத்திப் பிடித்தேன். அணைந்தது. தானாகவே எரிந்தது. வயரையே பிடுங்கினேன். அப்போதும் அதன் பச்சை விளக்கு அணையவில்லை.

“நூத்தியெட்டுக்கு போன் போட்டாச்சு, வர்றாங்க சார்” என்றாள் ஜெஸ்லின், அழுதுகொண்டே.

“அதுவரைக்கும்… தாங்காதும்மா” என்றார் அழகிரி. இருபது அடி பேனரில் முழங்குகிற குரல் இல்லை அது. “என் படத்தை எடு. வேற யாரையாவது வை.”

“யாரை சார்?”

“எவனையாவது!”

“உயிரோட இருக்கிறவங்களை நான் வைக்க மாட்டேன் சார். செத்தாலும் வைக்க மாட்டேன்.”

வருஷத்தின் முதல் இரண்டு எண் விழுந்தன.

“அப்ப ராவை வை…” அழகிரியின் குரல் தேய்ந்தது. “செத்தவன்… மறுபடியுமா சாகப்போறான்?”

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஜெஸ்லின் ராவின் படத்தைத் தேடி எடுத்தாள். அழகிரி முகத்தின் மேல் வைத்தாள். பெயர் இடத்தில் ‘பீமராவ்’ என்று அடித்தாள்.

கடைசி எண் விழுந்தது.

சேவ் செய்தாள்.

டக்.

அதோடு நின்றது.

உள் அறை அமைதி. சர்வரின் பச்சை விளக்கு அணைந்தது. அழகிரி நீரிலிருந்து மேலே வந்தவர் போல மூச்சை இழுத்தார். மணி பன்னிரண்டு ஐம்பது.

ஆஸ்பத்திரியில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலமே அழகிரி திரும்பி வந்து, “கேஸ் ட்ரபிள் தம்பி, வேற ஒண்ணும் இல்ல. நீங்கதான் ரொம்பப் பயந்துட்டீங்க” என்றார். கூலிங் கிளாஸும் திரும்பி வந்திருந்தது.

சனிக்கிழமை நான் மறுபடியும் போனேன். அந்தப் பழைய வழியை அடைக்க வேண்டும். ராவ் மெஷினைக் கழற்றி வெளியே போட வேண்டும். ஜெஸ்லின் டேபிளில் போன் அடித்தது. கையில் வேலை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“வணக்கங்க. ஓசூர்லேர்ந்து மைதிலி பேசறேன். பீமராவோட பொண்ணு. அப்பாவுக்கு ஒரு அஞ்சலி போஸ்டர் வேணும். அவர் வேலை பார்த்த இடம், நீங்களே செஞ்சா நல்லா இருக்கும்னு…”

“நினைவு நாளாம்மா?” என்றார் அழகிரி.

“இல்லைங்க. அப்பா புதன்கிழமைதான் தவறினார்.”

அழகிரி கூலிங் கிளாஸைக் கழற்றினார்.

“ராவுக்கு… நாங்க ரெண்டு வருஷம் முன்னாடியே போஸ்டர் ஒட்டினோமேம்மா” என்றார் அழகிரி. எந்த வாட்ஸ்அப் குரூப்பிலோ வந்ததைப் பார்த்துவிட்டு, விசாரிக்காமல், ஊரிலேயே முதல் ஆளாகத் துக்கப்பட்டவர் அவர்.

“அதைப் பார்த்தேங்க. அன்னிக்கு அவருக்குப் பக்கவாதம்தான் வந்துச்சு. என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். இருந்த நிலமையில உங்ககிட்ட சண்டை போடத் தெம்பு இல்ல. ரெண்டு வருஷமா பேச்சு மூச்சில்லாம படுக்கைதான். வலது கை விரல் மட்டும் பெட்ஷீட்ல தட்டிக்கிட்டே இருக்கும், டைப் அடிக்கிற மாதிரி.”

ஜெஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“புதன்கிழமை ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி அதுவும் நின்னுடுச்சு. கண்ணைத் திறந்தார். ரெண்டு வருஷத்துல முதல் தடவையாப் பேசினார். ஒரே ஒரு கேள்விதாங்க. எங்களுக்கு அது என்னன்னே புரியல.”

“என்னம்மா கேட்டாரு?” என்றேன்.

“‘என் போட்டோவை யாரு அங்க வச்சது?’ன்னு கேட்டாருங்க.”