பார்க்காமல் போட்ட ஒரு கையெழுத்து

வத்சலா எதையும் நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள் என்பது அவள் அலுவலகத்தில் பிரசித்தம். பத்து நாற்காலி வந்திறங்கியதாகச் சீட்டு வந்தால் கிடங்குக்கே போய்ப் பத்தையும் எண்ணி, ஒன்றில் உட்கார்ந்தும் பார்த்துவிட்டுத்தான் பேனா மூடியைத் திறப்பாள். 'சைட் விசிட் மேடம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். திருச்சியிலிருந்து பரீட்சை எழுதி வந்து, டெல்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் முப்பத்துநாலு வருஷம் ஓட்டியவள். வருகிற செவ்வாய்க்கிழமை ரிட்டயர் ஆகிறாள்.

விழாவில் படிக்க, கூட வேலை பார்க்கும் ஜெயகிருஷ்ணன் வாழ்த்துரை எழுதி அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். 'பார்க்காமல் ஒரு கையெழுத்துக்கூடப் போட்டதில்லை' என்பது முதல் வரி. அதைப் படித்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால், ஒன்று போட்டிருந்தாள்.

இருபத்தொரு வருஷத்துக்கு முந்தைய ஜூன் மாதம் அது. தெற்கு டெல்லியின் கோடியில், கல் உடைத்துச் சின்னாபின்னமாக்கிய ஒரு பழைய குவாரியைச் சுற்றிக் கன்று நட்டதாக ஒரு ஃபைல். நாலு பேர் போய்ப் பார்த்து எழுத வேண்டும். வெயில் நாற்பத்தைந்து டிகிரி. ஜீப் வரவில்லை. ஃபைல் மறுநாள் மேலே போயாக வேண்டும். 'நேரில் பார்த்தோம், கன்றுகள் நன்றாகத் தழைத்துள்ளன' என்ற வரிக்குக் கீழே மூன்று பேர் போட்டுவிட்டார்கள். மூன்றாவதாகப் போட்ட ஜெயகிருஷ்ணன்தான் நாலாவது இடத்தை விரல் வைத்துக் காட்டினார். அவளும் போட்டாள். அதன்பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் மனசு மட்டும் நச்சரித்துக்கொண்டே இருந்தது. சைட் விசிட் மேடம் பிறந்தது அந்த ஜூனில்தான்.

இத்தனை வருஷத்தில் ஒருநாள் போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். பயம், வேறென்ன? லீவு கிடைத்தால் திருச்சிக்கு ரயில் ஏறிவிடுவாள். இப்போது செவ்வாய்க்கிழமை, அத்தனை பேர் நடுவில் மாலையைப் போட்டுக்கொண்டு அந்த வரியைக் கேட்டபடி உட்கார வேண்டும். அதற்குமுன் உண்மை தெரிந்தாக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

குர்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ஸ்ம்ருதி, வாராவாரம் நண்பர்களோடு காடு மேடு சுற்றுகிறவள். அவளுக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. முக்கால் மணி நேர நடைதான், உச்சியில் ஒரு பாறை விளிம்பு வரும் என்றாள். அம்மாவுக்குத் திடீரென்று ஏன் இந்த ஆசை என்று மட்டும் புரியவில்லை.

ஞாயிறு காலை, காட்டின் நுழைவு கேட்டிலிருந்து ஓம்வீர் என்ற காவலர் கூட வந்தார். சின்ன வயசில் அதே குவாரியில் கல் உடைத்தவராம். முதல் பத்து நிமிஷம் இரண்டு பக்கமும் வெறும் சீமைக்கருவேலம். முள் வத்சலாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. இதுவா தழைத்தது என்று நினைத்துக்கொண்டாள். பிறகு பாதை ஏறியது. முள் குறைந்தது. மெல்லிய கிளைகள் தாழத் தொங்கும் மரங்கள் ஒன்றிரண்டாக வந்து, கூட்டமாகி, தலைக்குமேல் மூடிக்கொண்டன. எங்கோ மயில் அகவியது. அவளுக்கு மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

சட்டென்று பாதை முடிந்து வானம் வந்தது. ஓம்வீர் கையை நீட்டித் தடுத்தார். காலடியில் பாறை செங்குத்தாக இறங்கியது. அதன் அடியில், அசையாமல், நீலப்பச்சை நிறத்தில் ஓர் ஏரி. அதைச் சுற்றி, மனிதர்கள் வெட்டிய அந்தச் சிவந்த சுவர்களின் வெடிப்பிலெல்லாம் மரம். சரிவெங்கும், குன்று முழுக்க, கண்ணுக்கெட்டிய தூரம் மரம். தொலைவில் குர்கான் கட்டடங்கள் தீப்பெட்டி மாதிரி நின்றன. ஒரு ஹாரன் சத்தம் இல்லை. டெல்லிக்கு வந்ததிலிருந்து அவள் இப்படியொரு நிசப்தத்தைக் கேட்டதே இல்லை. கை தானாகக் குவிந்தது. ஸ்ம்ருதி போட்டோ எடுக்கக்கூட மறந்து நின்றாள்.

வெகுநேரம் கழித்து, நட்ட கன்றுகள் இவைதானா என்று வத்சலா ஹிந்தியில் கேட்டாள். ஓம்வீர் சிரித்தார். அவை முதல் கோடையிலேயே காய்ந்து போயினவாம். ஒன்றுகூடத் தேறவில்லையாம். இது தௌ என்கிற இந்த மலைக்கே உரிய மரம், முன்பிருந்தே இங்கே இருந்தது என்றார். ஆடு கடித்தும் ஆள் வெட்டியும் வருஷக்கணக்கில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்ததாம். எல்லாரும் கையை எடுத்ததும் எழுந்து நின்றுவிட்டதாம்.

வத்சலா பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். தன் பொய் உறுதியாகிவிட்டது என்று வலித்தது. ஆனால் அந்த வலியைவிட எதிரே இருந்தது ரொம்பப் பெரிதாக இருந்தது. இத்தனை வருஷம் அவள் குமைந்துகொண்டிருந்த நேரமெல்லாம், எந்த ஃபைலும் தெரியாமல் இது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் முட்டியது. மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதை யார்கிட்டயும் சொல்லலியாம்மா?" என்றாள் ஸ்ம்ருதி. அவ்வளவுதான் கேட்டாள். பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

வத்சலா ஜெயகிருஷ்ணனுக்குப் போன் போட்டு, அந்த முதல் வரியை எடுத்துவிடச் சொன்னாள். "அந்தக் குவாரி ஃபைல் உங்களுக்கு மறந்திருக்கும் சார். எனக்கு மறக்கலை."

"மறக்கலை மேடம்," என்றார். "விரலை வெச்சுக் காட்டினது நான்தானே. உங்களுக்காவது மறந்துபோகட்டும்னுதான் அப்படி எழுதினேன்."

அங்கே ஏதாவது இருக்கிறதா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நாம எழுதினது ஒண்ணுகூட இல்லை சார். காடு இருக்கு. நாளைக்கு லீவு போட்டுட்டு வாங்க, நானும் வரேன்."