ருக்மணி மிஸியின் வியாழக்கிழமைகள்

ருக்மணி மிஸி போய்விட்டார் என்பதை, கிளினிக் வாசலில் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். காலையில் பாண்டிருப்பில் தன் வீட்டு முற்றத்தில் விழுந்தவர் எழும்பவில்லையாம். அப்போது என் முன்னால் வரிசை நின்றது. எல்லோருக்கும் மருந்து கொடுத்து முடித்த பிறகுதான் எனக்கு அழ நேரம் கிடைத்தது. அவரை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். நோயாளிகளைக் காக்க வைத்து அழுதிருந்தால் மிஸியே ஏசியிருப்பார்.

அவர் எங்கள் ஊர்க் கிளினிக்கின் தாதி. நான் மருந்து கொடுப்பவன். நாலு வருஷத்துக்கு முன்பு வெளியூர் டாக்டர் ஒருவர் எங்களிடம் ஒரு படிவம் தந்தார். அறுபது தாண்டியவர்களில் மனச்சோர்வு உள்ளவர்களைக் கண்டுபிடிப்பதற்கு. எங்கள் ஆட்களோ எதைக் கேட்டாலும் “அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்ல” என்றார்கள். படைத்தவனைக் குறை சொன்னதாகிவிடக் கூடாதே! நானும் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டு, நம் ஊரில் இந்த வருத்தமே கிடையாது என்று பெருமையாக நீட்டினேன்.

மிஸி புரட்டிப் பார்த்தார். “இவ்வளவு சந்தோசமா இரிக்கிற சனம் ஏன் காக்கா நித்திரைக் குளிசை கேக்குது?” என்றார். அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்தத் தூக்க மாத்திரையை எண்ணிக் கொடுப்பவன் நான். எனக்கு அது உறைக்கவே இல்லை.

மேலே கிடந்தது பெரிய வயல்காரராக இருந்த ஆதம்லெவ்வைப் போடியாரின் படிவம். மிஸி அவரைக் கூப்பிட்டு இருத்தி, படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “போடியார், இந்த மாரி வேளாண்மைக்கு என்ன நெல்லு?” என்று கேட்டார். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அவர் தன் வயல் பக்கம் போக முடியாமல் இருந்தது ஊருக்கே தெரியும். போடியார் சொன்னார்:

“வயலும் இல்ல, வேலையும் இல்ல மகள். என்னத்துக்கு எழும்புறன் எண்டு தெரியாமத்தான் விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்புறன்.”

பிறகு சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பார்க்கத் தைரியமில்லாமல் நான் வெளியே போய்விட்டேன்.

படிவங்கள் போயின. பதிலும் வரவில்லை, டாக்டரும் வரவில்லை. நான் அத்தோடு விட்டேன். மிஸி விடவில்லை. “கேட்டுப்போட்டு அப்பிடியே விடேலா காக்கா. கேட்டா மறுகா போகோணும்” என்றார். வியாழன்தோறும் வேலை முடிந்து போடியார் வீட்டுக்குப் போவார். பிரஷர் பார்த்துவிட்டு வயலைப் பற்றிக் கேட்பார். எந்த வாய்க்கால், எந்த வரம்பு, எந்த வெள்ளம் எதை அள்ளிக்கொண்டு போனது என்று அவர் சொல்லச் சொல்ல இருந்து கேட்பார். ஹர்த்தால் என்றால் அடுத்த நாள் போவார். மூன்று மாதத்தில் போடியார் நித்திரைக் குளிசை கேட்பதை விட்டார். பள்ளிவாசலுக்கு நடக்கத் தொடங்கினார்.

ஒருநாள் எரிச்சலில் கேட்டேன், “உங்களுக்கு அலுக்கல்லியா மிஸி?”

“அலுக்காம? முழங்கால் நோகுது. மனிசன் ஒரே வெள்ளத்தையே பத்துத் தரம் சொல்றார்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

செத்தவீட்டுக்குப் போய்விட்டு, நேரே போடியாரிடம் போனேன். யாராவது சொல்லத்தானே வேண்டும். போடியார் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“அப்ப வியாழக்கிழமை ஆரு வாற தம்பி?”

ஓய்வு பெற எனக்கு இன்னும் எட்டு மாதம்தான். நாள் முழுக்க நின்று கால் வீங்குகிறது. வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருக்கிறது. மிஸியைப் போலக் கேட்கவும் எனக்கு வராது.

“நான் வாறன்” என்றேன்.

அவர் நம்பவில்லை. “வந்தா இரிக்கோணும். மருந்தத் தந்துட்டு ஓடப்படா.”

மிஸியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவர் இவர்தான். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.