பீடத்திலிருந்து இறக்கிய பாசிப்பச்சை

வீடுகளுக்கு நிறம் தேர்ந்து கொடுப்பது என் தொழில். இப்போது வருகிறவர்களில் பலர் போனில் ஒரு படத்தைக் காட்டி 'சேஜ் கிரீன்' கேட்கிறார்கள். சாம்பல் கலந்த, அடங்கிய பச்சை. தேக்குக் கதவுக்குப் பக்கத்தில் எடுப்பாக இருக்கும், வெளிச்சம் வராத அறையில் அழுக்குப் போலத் தெரியும் என்று சொல்வேன். பழைய நாளில் பச்சைக்கென்று தனிச் சாயம் கிடையாது, அவுரி நீலத்தில் முக்கிய நூலை மஞ்சளில் முக்குவார்கள், மஞ்சள் வெளுக்க வெளுக்க இந்த நிறம் வரும் என்றும் சொல்வதுண்டு. ஆர்வமாகக் கேட்டுக்கொள்வார்கள். சொல்லும் எனக்குத்தான் கழுத்து சூடாகிவிடும். எங்கள் ஊரில் அந்த நிறத்துக்குப் பாசிப்பச்சை என்று பெயர்.

சீர்காழிக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய ஊர். பெரிய தெருவிலும் வேதக்காரர்கள்தான், எங்கள் தெருவிலும் வேதக்காரர்கள்தான். மாதா கோயில் ஒன்றுதான். உள்ளே முன்வரிசை அவர்களுக்கு, தூணுக்குப் பின்னால் தரை எங்களுக்கு. முன்வரிசையில் முதலாவதாக உட்காரும் மிராசுதாரிடம் என் அப்பா பண்ணை வேலை பார்த்தவர். பிறகு கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்துச் சிறைக்கும் போனவர். நில உச்சவரம்பில் அந்த மிராசுதாரின் நிலத்தில் கொஞ்சத்தை அரசாங்கம் எடுத்தது. அதில் ஒரு துண்டுக்கு அப்பாவின் பெயரில் பட்டா வந்தது. மிராசுதாருக்கு அது ஆறவே இல்லை.

அந்த நிலத்தில் முதல் சம்பா அறுத்த கையோடு அப்பா எங்களைக் கும்பகோணம் அழைத்துப்போய் அம்மாவுக்குப் பட்டுச்சேலை எடுத்தார். கடைக்காரர் அரக்கையும் மாம்பழ மஞ்சளையும் விரித்துக்கொண்டே போனார். அம்மாவின் கை அடியில் கிடந்த பாசிப்பச்சை ஒன்றைத் தொட்டது.

"அது மங்கல் கலரும்மா. யாரும் கேக்கறதில்ல."

"அதுவே இருக்கட்டுங்க."

வெளியே வந்ததும் அப்பா கடிந்துகொண்டார். அம்மா மெதுவாகச் சொன்னாள்: "பளிச்சுன்னு கட்டிக்கிட்டுப் பெரிய தெரு வழியா நடக்க முடியுமா? இது யாரு கண்ணையும் உறுத்தாது."

அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு இரண்டொரு திருவிழாவுக்குப் போயிருப்பாள்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, புதிதாக வந்திருந்த சாமியார் பிரசங்கத்தில் பீடத்துப் பச்சைத் துணியைக் கரையான் அரித்துவிட்டது என்றார். திருவிழாவுக்கு வெள்ளை, தவசு காலத்துக்கு ஊதா, இரண்டுமில்லாத சாதாரண நாட்களுக்குத்தான் பச்சை. அது நம்பிக்கையின் நிறம், வருஷத்தில் அதிக நாள் பீடத்தில் இருப்பதும் அதுதான் என்று விளக்கினார். யாராவது துணி கொடுத்தால் நல்லது என்றார். அம்மா மறுநாளே பட்டுச்சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். கன்னியர் மடத்தில் அதை வெட்டித் தைத்து, நடுவில் மஞ்சள் நூலால் சிலுவை போட்டார்கள்.

அது பீடத்தில் தொங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, தூணுக்குப் பின்னாலிருந்து நான் கழுத்தை எக்கி எக்கிப் பார்த்தேன். அம்மா தலைநிமிரவே இல்லை. பூசை முடியும் நேரத்தில் மிராசுதார் எழுந்தார்.

"அது யாரு வூட்டுத் துணி சாமி?"

"காணிக்கையா வந்ததுங்க."

"கட்டுன சேலைன்னு கேள்விப்பட்டேன். யாரு கட்டுனதுன்னும் கேள்விப்பட்டேன். அதுக்கு முன்னாடி நாங்க முழங்கால் போடணுமா?"

முன்வரிசை முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. சாமியார் குனிந்து பூசைப் புத்தகத்தைப் புரட்டினார். நான் குனிந்து என் பாவாடையைப் பார்த்தேன், எங்கேயாவது அழுக்கு ஒட்டியிருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. ஆனாலும் தட்டித் தட்டி விட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பீடத்தில் வெள்ளைத் துணி இருந்தது. பூசைக்குப் பிறகு சாமியார் அம்மாவைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டுச் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைக் கொடுத்தார்.

"நெலத் தகராறே இன்னும் ஓயலம்மா. இதுல இது வேறயான்னு பாக்கறேன்."

"சரிங்க சாமி."

பெரிய தெரு வழியாகத்தான் வீட்டுக்கு வரவேண்டும். வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று தெரிந்திருந்தது. வீட்டில் பிரித்துப் பார்த்தோம். இனி அதைச் சேலையாகக் கட்ட முடியாது. நடுவில் சிலுவை இருப்பதால் ரவிக்கைக்கும் வெட்ட முடியாது.

அப்பா, "கொளுத்து அத" என்றார். "இனிமே அந்தக் கோயில் பக்கமே நான் வர மாட்டேன்." சொன்னபடியே கடைசிவரை போகவில்லை.

"சாமிக்குன்னு குடுத்தாச்சு. திரும்பி வந்துட்டா நம்மளுதாயிடுமா?" என்று அம்மா அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் பெரிய தெருப் பெண்கள் என்னைப் 'பாசி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு எரிச்சல் வந்ததைவிட, அந்தப் பெயருக்கு நான் திரும்பிப் பார்த்துவிடுவதுதான் அவமானமாக இருந்தது.

ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அப்பாவோடு சிறைக்குப் போனவர். சவப்பெட்டி மேல் போர்த்தக் கோயிலில் கறுப்புப் பட்டு உண்டு. ஆனால் அது பெரிய தெருச் சாவுக்கு மட்டும்தான் வரும். எங்கள் பெட்டிகள் வெறும் பலகையாகவே போகும். அம்மா வீட்டுக்குள் போய்த் துணிப்பெட்டியைத் திறந்தாள்.

"வேணாம்மா," என்று அவள் கையைப் பிடித்தேன். "எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்."

மழைத் தூறலில் அந்தப் பாசிப்பச்சையைப் பலகைமேல் விரித்தாள். சாமியார் குடையோடு வந்தார். பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை கூட வந்திருந்தார். அவர், "சாவுக்குப் பச்சை போடறதில்லம்மா, கறுப்புதான்" என்றார். சாமியார் துணியைப் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"இருக்கட்டும்" என்று கோயில்பிள்ளையிடம் சொன்னார். பிறகு குடையை மடக்கிவிட்டு அத்தனை பேர் முன்னாலும், "என்னை மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

தெருவே அம்மாவைப் பார்த்தது. ஓரமாக நின்ற அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா துணியின் ஒரு மூலையை இழுத்துச் சரிசெய்தாள்.

"தண்ணி தெளிங்க சாமி. மழை வலுக்கறதுக்குள்ள எடுக்கணும்."

தெளித்தார். குழியருகே துணியை எடுத்து, பிழிந்து, அம்மா தோளில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் எந்தப் பெட்டியும் வெறும் பலகையாகப் போகவில்லை. சாவு விழுந்தால் எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் ஆள் வரும். அம்மாவுக்கு அதில் ஒரு நிறைவு இருந்தது. எனக்கு அது பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு, ஒரு சாமியார் என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டபோதும், கோயிலில் கூசியது போலவேதான் எனக்குக் கூசியது. கண்களை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், சேற்றில் புதைந்திருந்த என் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.