வேற்று மொழியில் கத்துகிறார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜேர்மனியில் எசன் நகரத்தில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் செய்துகொண்டிருந்த தொழிற்பயிற்சியை, முடிய ஆறு மாதம் இருக்கையில் என் தம்பி விட்டுவிட்டான். நடிக்கப் போகிறேன் என்று லண்டனுக்குப் போனான். அன்றிலிருந்து அம்மா அவனோடு ஒரு சொல் கதைக்கவில்லை. எனக்கு மிஞ்சியது, இருவருக்கும் நடுவில் நின்று பேச்சு வாங்குகிற உத்தியோகம்.

அம்மாவின் கோபத்திலும் நியாயம் இருந்தது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வெளிநாட்டவர் அலுவலகத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் எத்தனை நாள் நின்றிருப்பார்! அந்தப் பக்கம் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் இருந்து, இந்தப் பத்திரம் காணாது, வேறொரு நாளுக்கு டெர்மின் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பார். அம்மா தலையாட்டிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். தன் மகன் ஒருநாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. கோயிலில் எல்லோருக்கும் சொல்லியும் வைத்திருந்தார். அவன் போன அன்று, "கூத்தாடப் போறவன் எனக்குப் போன் எடுக்கத் தேவையில்லை" என்றார். சும்மா வாய்க்குச் சொன்னதென்று நினைத்தேன். என் அம்மாவை எனக்கே தெரியாமல் போயிற்று.

அவன் ஒவ்வொரு ஞாயிறும் காலை பதினொரு மணிக்கு என் தொலைபேசிக்கு எடுப்பான். அது அடித்ததும் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய், அடுப்புக்கு மேலே இருக்கிற புகை இழுக்கும் ஃபானைக் கூடிய வேகத்தில் போட்டுவிடுவார். அடுப்பில் ஒரு சட்டி இருக்காது. நான் அந்த இரைச்சலுக்குள் தம்பியிடம், "ஓம், அம்மா சுகமாய் இருக்கிறா" என்று கத்துவேன். அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. இப்படியே கதைக்காமல் ஒருநாள் எல்லாம் முடிந்துபோய்விடுமோ என்று எனக்குப் பயம். அதை இருவரிடமும் சொன்னேன். அடுத்த ஞாயிறும் ஃபான் ஓடியது.

போன மாதம் தம்பி ஒரு செய்தி அனுப்பினான். "அக்கா, பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பகிடி நிகழ்ச்சி ஒண்டிலை வாறன். எப்பிடியாவது அம்மாவை இருத்திக் காட்டுங்கோ. நான் வாறது கடைசித் துண்டு. ஏன் எண்டு கேக்காதேங்கோ."

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அம்மா முழங்காலுக்கு எண்ணெய் பூசிக் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். உடனே எழும்பி ஓட ஏலாத நேரம் அதுதான். நான் ஒன்றும் சொல்லாமல் நிகழ்ச்சியைப் போட்டேன். துண்டு துண்டாகப் பகிடிகள். ஒரு பாதிரியார் வாத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஒரு கிழவி தன் நாய்க்கு மூக்குக்கண்ணாடி வாங்கப் போனாள். பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இதுக்கேன் சிரிக்கினம்? விசருகள்" என்று அம்மா எழும்பிவிட்டார்.

"இன்னும் அஞ்சு நிமிசம் இருங்கோவன், அம்மா!"

"எனக்குக் குசினியிலை வேலை கிடக்கு."

வாசல் வரைக்கும் போனவர் திரும்பிப் பார்த்தார். திரையில் கண்ணாடிக்குப் பின்னால் தம்பி இருந்தான். வெள்ளைச் சட்டை, நீலக் கழுத்துப்பட்டி, கையில் பெரிய றப்பர் முத்திரை.

"எடியே," என்றார் அம்மா, மெதுவாக. "ரை கட்டியிருக்கிறான். வேலை எடுத்திட்டானே?"

அவர் வந்து கதிரையின் நுனியில் இருந்தார்.

ஓர் ஆங்கிலேயர், தான் உயிரோடு இருப்பதாக ஒரு சான்றிதழ் வேண்டுமென்று வந்திருந்தார். போன வருடமும் உயிரோடு இருந்ததற்கான சான்றிதழைக் கொண்டு வா என்று தம்பி அனுப்பினான். அவர் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். அதற்கு முந்திய வருடத்தது எங்கே என்றான். அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது, ஆனால் விசயம் முழுக்க விளங்கியது. "எல்லாத்தையும் ஒண்டாக் கொண்டு வந்தால் என்ன இந்த மனிசனுக்கு?" என்று தன் மகனின் பக்கம் நின்றார். சொன்னது என் அம்மா, கேட்டது நான்!

அந்த மனிதர் ஆறாம் தரம் வந்தபோது தம்பி பாய்ந்து எழும்பினான். முத்திரையால் மேசையில் குத்திக் குத்தித் தமிழில் கத்தினான்.

"அம்மா! போனை எடுங்கோ! மூண்டு வருசமா ஒவ்வொரு ஞாயிறும் அடிக்கிறன், அந்த ஃபானைப் போட்டிட்டு நிக்கிறியள்! எனக்குக் கேக்காதெண்டு நினைச்சியளோ? கேக்குது! முழங்காலுக்கு எண்ணெய் பூசுறியளோ, இல்லையோ? அதையாவது சொல்லுங்கோ!"

கூட்டம் சிரிப்பில் அதிர்ந்தது. ஆங்கிலேயர் தொப்பியைக் கழற்றி, இந்த அலுவலகத்தில் இன்றைக்குத்தான் ஒருவர் தெளிவாகப் பதில் சொன்னார் என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"கீழை என்ன எழுத்து ஓடினது?" என்று அம்மா கேட்டார்.

"வேற்று மொழியில் கத்துகிறார் எண்டு போட்டிருக்கு."

"திருப்பிப் போடு."

போட்டேன். "என்ரை முழங்கால் கதையை இங்கிலாந்து முழுக்கச் சொல்லிப்போட்டான், விசரன்!"

"அங்கை ஒருத்தருக்கும் விளங்காது அம்மா. அவன்ரை கோவத்தைப் பாத்துத்தான் சிரிக்கினம்."

"கோவமே அது?" என்று என்னில் பாய்ந்தார். "கண்ணைப் பார். சின்னனிலையும் அழுகை வந்தால் இப்பிடித்தான் கத்துவான்."

மூன்றாம் தரம் போட்டபோது நான் பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன். அம்மா எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகித் திருகிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு தம்பியிடம் கேட்டு எழுதினேன். உன் மொழியில் எதையாவது கத்து, எப்படியும் யாருக்கும் விளங்காது என்று இயக்குநர் சொன்னாராம். ஏழு தரம் எடுத்தார்களாம். ஏழு தரமும் அதையேதான் கத்தினானாம். அம்மா பார்த்துவிட்டாவா என்று கேட்டான். பார்த்துவிட்டார் என்று மட்டும் பதில் போட்டேன்.

மறுநாள் ஞாயிறு. பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அம்மா வழக்கம்போல எழும்பிக் குசினிக்குள் போனார். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. இந்த மனிசியைத் திருத்தவே ஏலாது என்று நினைத்தேன். ஆனால் ஃபான் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வெறும் அடுப்புக்கு முன்னால், கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நின்றார். நான் தொலைபேசியை நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்தார்.

"அம்மா?" என்ற குரல் எனக்கும் கேட்டது. அம்மா குனிந்து முழங்காலை ஒரு தரம் தடவினார்.

"காலமையும் பின்னேரமும் பூசுறன்" என்றார்.