வேப்பமரத்திலிருந்து பால் சொசைட்டி வரை

நான் வேலை செய்வது புதுச்சேரியில், ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில். அங்கே சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு சைக்கிள் குழுவில் சேர்ந்தேன். குழுவை நடத்துகிறவர் ஒரு வங்கி அதிகாரி. நாற்பது வயதுப் பெண். எல்லோருக்கும் அக்கா. என் கிராவல் பைக்கை அந்தக் குழுவில் இருந்த ஒரு பல் டாக்டரிடம்தான் பழையதாக வாங்கினேன். பந்தய சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில்பார், அதைவிடத் தடித்த டயர். தாரிலும் ஓடும், சரளையிலும் ஓடும். வாங்கியதை ஊரில் இருக்கும் நைனாவிடம் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) போனில் சொன்னபோது, ரோட்டுக்கு செம்மண் கிராவல் அடிக்கிற வண்டி என்று நினைத்துக்கொண்டு, படிச்சுட்டு இன்னாத்துக்குடா இந்த வேலை என்று கேட்டார்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிப் பக்கம் போகலாம் என்று அக்கா சொன்னார். ஆற்றங்கரையில் யாரோ திராட்சை போட்டிருக்கிறாராம், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கொடி கொண்டுவந்தாராம், இரண்டு வரிசை வைன் திராட்சைகூடச் சோதனைக்கு வைத்திருக்கிறாராம். அக்கா அவருடைய நம்பரைப் பிடித்துப் பேசியும் விட்டார். தம்பி, உங்க ஊர்ப் பக்கம்தானே, நீங்களே ரூட் போடுங்க என்றார். நானும் சரி என்றேன். அந்தத் தோட்டத்தில் பந்தல் கட்டுவது, கொடியை வெட்டிக் கவாத்து பண்ணுவது, குலை வெட்டுவது எல்லாம் என் நைனா என்பதைச் சொல்லவில்லை.

அதைச் சொல்லாததற்குக் காரணம் ஒரு தெரு.

எங்கள் காலனியிலிருந்து தோட்டத்துக்கு நேராகப் போகவேண்டுமென்றால் ஊர்த் தெரு வழியாகத்தான் போகவேண்டும். தெரு தொடங்கும் இடத்தில் மாரியம்மன் கோயில், அதன் முன்னால் ஒரு வேப்பமரம். தெரு முடியும் இடத்தில் பால் சொசைட்டி. அதைத் தாண்டி ஆற்றுப் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் தோட்டம். நடந்தால் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் எங்கள் ஆட்கள் சைக்கிளில் ஏறமாட்டார்கள். சின்ன வயதில் நைனா என்னைக் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோவார். மரத்தடி வந்ததும் பிரேக் பிடித்து இறங்குவார். நானும் குதித்து இறங்குவேன். சொசைட்டி தாண்டியதும் மறுபடி ஏறுவோம். ரோடு மோசம் போல என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். எட்டாவது படிக்கும்போது ஒருநாள் உற்றுப் பார்த்தேன். எங்கள் பக்கம் முழுக்க மண்பாதை. அந்தத் தெரு மட்டும்தான் சிமெண்டு ரோடு.

யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. இப்போது எங்கள் பையன்கள் மோட்டார் பைக்கில் போகிறார்கள். இரண்டு முறை பேச்சு வளர்ந்து, ஸ்டேஷன் வரைக்கும் போய், சமாதானமானது. அதற்குப் பிறகு அவர்களும் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு மெயின் ரோடு வழியாகவே போகிறார்கள். நைனா மட்டும் தினம் காலையில் தள்ளிக்கொண்டு போய், சாயங்காலம் தள்ளிக்கொண்டு வருகிறார். அறுவடை சமயத்தில் தோட்டக்காரர், தோட்டத்துக்குச் சொந்தக்காரர், முதல்நாள் சாயங்காலம் போன் செய்து வரச்சொன்னால்தான் வேலை. போன் வராவிட்டால் இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்க முடியாது.

அதனால் நான் போட்ட ரூட் அந்தத் தெருவைத் தொடவே இல்லை. செஞ்சியிலிருந்து ஆற்றங்கரைச் சரளைப் பாதையிலேயே வந்து, தரைப்பாலத்தில் ஆற்றைக் கடந்து, எதிர்க்கரை வழியாகத் தோட்டத்தின் பின்பக்கம் போய்ச் சேர்வது. போனில் அந்தக் கோட்டைப் போட்டு முடித்ததும் ஒரு பரீட்சை எழுதி முடித்தது போல இருந்தது. சனிக்கிழமை மதியம் நைனாவுக்குச் சொன்னேன்.

“தரைப்பாலம் மார்கழி மழையிலயே பூட்ச்சிடா. கம்பி மட்டும்தான் நிக்குது.”

வேன் பேசியாகிவிட்டது. பதினோரு பேர் வருகிறார்கள். தண்ணீரில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று சொன்னேன். நைனா பேச்சை மாற்றினார்.

“நான் நாளைக்கு தோட்டத்துலதான் இருப்பன். என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. வந்தமா, பாத்தமான்னு போயினே இரு.”

அன்று தூங்கவில்லை.

காலை ஆறரைக்குச் செஞ்சியில் வேனிலிருந்து சைக்கிள்களை இறக்கினோம். கோட்டை மலைகளின் மேல் பனி நின்றது. சரளைப் பாதையில் முன்சக்கரம் வழுக்கும்போதெல்லாம் மற்றவர்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். டாக்டர் பாறைகளைக் காட்டி, கீழே விழுந்தா பல்லு என் பொறுப்பு, மத்ததெல்லாம் உங்க பொறுப்பு என்றார். நான் தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தேன். பாட்டில் தண்ணீர் பாதி வழியிலேயே காலி. கையுறைக்குள் உள்ளங்கை நனைந்து பிரேக் பிடி நழுவியது. தரைப்பாலம் எப்படியாவது இருக்கவேண்டும், நைனா சொன்னது தப்பாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே மிதித்தேன்.

நைனா சொன்னது சரி. பாலம் இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா வேண்டாம் என்றுவிட்டார். போனைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஊருக்குள்ள நேரா ரோடு இருக்கே தம்பி. மெயின் ரோடு ரொம்ப சுத்து. இதுலயே போலாம்.”

மறுக்க என்னிடம் ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்ல முடியவில்லை. நான் முன்னால் போனேன். காலனி முனையைக் கடக்கும்போது தலையைத் திருப்பவில்லை. வேகமாகப் போய்விடலாம், நான்கு நிமிட நடை சைக்கிளில் ஒரு நிமிடம்தான், ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டிருக்கிறோம், அடையாளம் தெரியாது என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

வேப்பமரம் வந்தது. என் கால் கீழே ஊன்றியிருந்தது.

நான் இறங்கவில்லை என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. இறங்கியது என் கால். நின்று பார்த்தபோது ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். பின்னால் பதினோரு பிரேக்குகள் கிறீச்சிட்டன. ரோடு சரியில்லை போல, தம்பி இறங்கிட்டாரு, எல்லாரும் இறங்குங்க என்று அக்கா சொன்னது கேட்டது.

“சிமெண்டு ரோடு சூப்பராத்தானே இருக்கு?” என்றார் டாக்டர். “எதுக்கு இறங்கணும்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“கோயில் இருக்குது சார். ஒரு மரியாதைக்கு.”

பொய் தானாக வந்தது. அக்கா உடனே ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து எல்லோரும் கழற்றினார்கள். என் முகத்தை மறைத்திருந்ததை நானும் கழற்றவேண்டியதாயிற்று. பன்னிரண்டு பேர் விலை உயர்ந்த சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு அந்த நல்ல ரோட்டில் நடந்தோம். வாசலில் கோலம் போட்டவர்கள் நிமிர்ந்தார்கள். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. அங்கே நின்ற ஒரு பெண், ஏன் தள்ளினு போறீங்க, ஏறிப் போங்களேன் என்று எல்லோரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். சட்டென்று குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சொசைட்டி வாசலில் தோட்டக்காரர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். வழி மாறியதை அக்கா போனில் சொன்னதால் விருந்தாளிகளை அழைத்துப்போக வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை. நைனாவைவிடப் பத்து வயது சின்னவர். அக்கா வணக்கம் சொல்லி, உங்க ஊர் வழக்கம் ரொம்பப் பிடிச்சிருக்கு சார், கோயிலுக்காக எல்லாரும் இறங்கி நடக்கறது என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் நான் ஏன் இறங்கினேன் என்று தெரிந்தவர்கள் நானும் அவரும்தான்.

“ஆமாங்க. எங்க ஊர் வழக்கம்” என்றார்.

தோட்டம் அழகாகத்தான் இருந்தது. தலைக்கு மேலே பந்தல், கறுத்த குலைகள், இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாக வெயில், பின்னால் ஆற்றின் சத்தம். தோட்டக்காரர் நல்ல பேச்சுக்காரர். வைன் எப்ப சார் கெடைக்கும் என்று டாக்டர் கேட்க, அத கவர்மெண்டுதான் சொல்லணும், நான் பழம் மட்டும்தான் பேசுவன் என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நைனா மூன்றாவது வரிசையில் கத்தரியோடு குலை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நானும் அந்தப் பக்கம் பார்க்காமல் கொடியின் வேரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லாருக்கும் பழம் குடுப்பா என்று தோட்டக்காரர் குரல் கொடுத்தார். நைனா கழுவிய திராட்சையை ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார். என் முன்னால் நின்றார். அவர் விரல் நகமெல்லாம் கொடிப்பால் கறை.

“எடுத்துக்குங்க சார்.”

ஒரு குலையை எடுத்தேன். அவர் அக்காவிடம் நகர்ந்தார். அக்கா, எத்தனை வருஷமா இந்த வேலை செய்யறீங்க என்று கேட்டார். மூணு வருசம்மா என்றார் நைனா. படம் எடுக்கலாம், இவரையும் சேர்த்துக்கலாம் என்று அக்கா சொன்னார். அவன் எதுக்குங்க, வேல கெட்டுப்பூடும் என்றார் தோட்டக்காரர். நைனா அதற்குள் அன்னக்கூடையோடு திரும்பி நடந்தாயிற்று.

“அக்கா, அவரு எங்க நைனா” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியாது. சொன்ன நொடியில் திரும்பப் பெற்றுக்கொள்ள முடிந்தால் பெற்றிருப்பேன். நைனா நின்ற இடத்திலேயே நின்றார், எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு. அக்கா, அய்யோ, ஏன் தம்பி சொல்லவே இல்ல என்று என் தோளைத் தட்டினார்.

தோட்டக்காரர் முகம் மாறவில்லை.

“எனக்குத் தெரியும். மரத்தாண்டயே பாத்தன்” என்றார். பிறகு நைனாவைப் பார்த்து, “நல்லா வளத்திருக்க” என்றார்.

“ஆமா சார், ரொம்ப நல்ல தம்பி” என்றார் அக்கா.

நைனா திரும்பாமலே தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சைக்கிளிடம் போய் டயரில் காற்றைச் சோதிப்பது போலக் குனிந்துகொண்டேன்.

திரும்பும்போதும் அதே வழிதான். சொசைட்டி நெருங்கியதும் அக்கா மறக்காமல் ஹெல்மெட் கொக்கியை அவிழ்த்தார்.

“வேணாங்க்கா. ஏறியே வாங்க” என்றேன்.

“கோயில்?”

“பரவால்லக்கா.”

வீரமெல்லாம் இல்லை. பெடலில் ஷூ இரண்டு முறை வழுக்கியது. கியரை மாற்றத் தோன்றாமல் கனமான கியரிலேயே மிதித்தேன். பார்வையை முன்சக்கரத்தை விட்டு எடுக்கவில்லை. எந்த நொடியும் பின்னாலிருந்து ஒரு குரல் வரும், ஒரு கை வந்து கேரியர் இல்லாத அந்த சைக்கிளைப் பிடித்து இழுக்கும் என்று பிடரி காத்துக்கொண்டிருந்தது. ஒரு நாய் குரைத்தது. டி.வி. சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், என் பெயர் இல்லை. மரத்தைத் தாண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததுதான் இன்னும் பயமாக இருந்தது.

அவர்களைச் செஞ்சியில் வேன் ஏற்றிவிட்டு, அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நான் மட்டும் காலனிக்குத் திரும்பினேன்.

நைனா ஐந்தரைக்கு வந்தார். கால் கழுவினார். டீ குடித்தார். என்னைத் திட்டவில்லை. நான் தெருவில் ஏறிப் போனதை அம்மாவுக்கு அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள், அவள் அடுப்பை விட்டு நகரவில்லை. நைனா போனை எடுத்துச் சார்ஜில் போட்டார். வழக்கமாக ஆறு மணிக்குள் போன் வந்துவிடும். ஆறு ஆனது. ஆறேகால் ஆனது. நைனா எழுந்துபோய் டவர் இருக்கிறதா என்று போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். குலை வெட்ட இன்னும் நான்கு வரிசை பாக்கி என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். பேசாமல் நானே தோட்டக்காரரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. எதற்கு மன்னிப்பு என்று அதை வாக்கியமாக ஆக்கிப் பார்த்தேன். ஆக்க முடியவில்லை.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. நைனா எழுந்து நின்றுகொண்டு எடுத்தார். பழைய போன், ஸ்பீக்கர் போடாமலே வெளியே கேட்கும்.

“நாளைக்கு வா. இன்னும் மூணு பேர இட்டுனு வா.”

“சரிங்கையா.”

“புள்ள பூட்டானா?”

“இங்கதாங்கையா கீறான்.”

அந்தப் பக்கம் அவர் வீட்டுப் பாத்திரச் சத்தம் கேட்டது.

“சரி” என்றார். வைத்துவிட்டார்.

அந்த ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் மூன்று பேரும் தனித்தனியாக யோசித்துக்கொண்டு சாப்பிட்டோம்.

மறுநாள் காலை நைனா கிளம்பும்போது நானும் சைக்கிளை எடுத்தேன். அவர் தோட்டத்துக்குள் போய்ச் சேர்வதைப் பார்க்காமல் என்னால் புதுச்சேரி கிளம்ப முடியாது. கூட வரவேண்டிய மூன்று பேரும் மெயின் ரோடு வழியாக முன்னாலேயே போய்விட்டார்கள். மண்பாதையில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் மிதித்தோம். அவர் வேகத்துக்கு என் சைக்கிளைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாக இருந்தது.

மரத்தடியில் அவர் இறங்கினார்.

“நீ ஏறியே போ. நான் வந்துர்றன்” என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. நேற்று நான் போனதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், அதை அவர் தப்பென்றும் நினைக்கவில்லை என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

நான் ஒரு காலைப் பெடலில் வைத்துக்கொண்டு நின்றேன். பதினோரு பேரோடு ஏறிப் போக முடிந்தது. அவர் நடக்க, அவருக்கு முன்னால் என்னால் ஏறிப் போக முடியவில்லை. இறங்கித் தள்ளினேன். ஏறுங்க நைனா, ரெண்டு பேருமே போலாம் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் தெருக்கோடியில், சொசைட்டி வாசலில் யார் நிற்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தன. கேட்கவில்லை.

யாரும் நிற்கவில்லை. சொசைட்டியைத் தாண்டி அவர் ஏறி மிதித்தார். தோட்டத்துக் கேட் திறந்திருந்தது. உள்ளே போனார். நான் ரோட்டோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து தோட்டக்காரரின் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. பிறகு கத்தரி வெட்டும் சத்தம் வந்தது. வேலை தொடங்கிவிட்டது என்று தெரிந்த பிறகும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.