கதிர் வந்த பிறகு

கால்வாய்ப் பாலத்து இறக்கம் வந்ததும் வன்னியராஜ் மொபெட்டை அணைத்துவிடுவார். சரிவில் வண்டி தானாக உருளும், சத்தம் இருக்காது. வேலியில் ஏதாவது அசைந்தால் காலை ஊன்றி நிறுத்தி, சட்டைக்குள் கைவிட்டுத் தொலைநோக்கியை எடுப்பார். வெளியே தொங்கவிட்டுப் போவதில்லை. ஒருமுறை அப்படிப் போனபோது, ரோட்டுக்கு நிலம் அளக்க வந்த ஆள் என்று ஒரு ஊரே அவரைச் சூழ்ந்துகொண்டது.

அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். வாரம் முழுக்க யூரியா, பூச்சிமருந்து, விதைநெல். ஞாயிறு விடிந்தால் வயல்ரோடு. கொக்கையும் மயிலையும் திரும்பிப் பார்க்கமாட்டார். பாடுகிற சிறு குருவிகள்தான் வேண்டும், அதிலும் அபூர்வமாக வருகிறவை. கண்டுவிட்டால் பேச்சும் கொடுப்பார். "பைய வே, பைய. எங்கன ஓடுதீரு?" கடைக்கு வருகிறவர்களிடம் அவ்வளவு பேச்சுக் கிடையாது. கேட்டதை எடுத்து வைப்பார், பில் போடுவார். மருந்து விற்கிற மனுசனுக்குக் குருவி மேல் என்ன பாசம் என்று அவர் மனைவி ஒருநாள் கேட்டாள். "அது ஏவாரம். இது வேற" என்றார்.

இந்த வருசம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, வீரவநல்லூர் தாண்டி ஒரு கிளை ரோட்டில், மின்கம்பியில் அவை வரிசையாக உட்கார்ந்திருந்தன. கறுத்த தலை, மஞ்சள் மார்பு, முதுகில் செங்கல் நிறம். வடக்கே தானியம் விளைகிற சீமையோடு நின்றுவிடுகிற சாதி. இத்தனை வருசத்தில் இவ்வளவு தெற்கே அவர் பார்த்ததில்லை. கிறுக்கெழுத்துப் போல விட்டுவிட்டு ஒரு சின்னப் பாட்டு. புத்தகத்தில் அதற்கு ஆங்கிலப் பெயர் உண்டு. வன்னியராஜ் வைத்த பெயர் மஞ்சச் சட்டைக்காரர். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காமிராவும் காருமாக வந்து விரட்டிவிடுவார்கள் என்று பயம். அடுத்த ஞாயிறும் வந்து, வெயில் ஏறும்வரை பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வாரம் கம்பி வெறுமையாக இருந்தது.

முதல் குருவி ரோட்டோரம் கிடந்தது. வண்டியில் அடிபட்டது என்றுதான் நினைத்தார். இரண்டாவது வரப்பில் கிடந்தது. உடை முள்மரத்தடியில் மீதிக் கூட்டம், உதறிப் போட்ட மாதிரி. கொஞ்சம் தள்ளி இரண்டு பெட்டை மயில்கள், கழுத்தை முறுக்கிக்கொண்டு கிடந்தன. வரப்பு நெடுக நொய்யரிசி சிந்தியிருந்தது. அரிசியில் ஊதாச் சாயம். அவர் குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. தினமும் கடை ஷட்டரைத் தூக்கியதும் முகத்தில் அடிக்கிற மருந்து வாடைதான் அது.

ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. கையில் எடுத்தார். அலகு திறந்து திறந்து மூடியது. வாய்க்காலில் தண்ணீர் தொட்டு வருவதற்குள் கால்கள் விறைத்துவிட்டன.

அப்போதுதான் சுடலைவடிவு சாக்கும் மம்பட்டியுமாக வந்தாள். அந்த வயலைக் குத்தகைக்குப் பயிரிடுகிறவள். புருசன் பனையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கிறான். போன பிசான நெல் பட்டத்தில் பால் பிடித்த கதிரையெல்லாம் மயில் உருவித் தின்று, அறுக்க வைக்கோல்தான் மிஞ்சியது. ஆள் நடமாடுமுன் மயில்களை அள்ளிப் புதைத்துவிடலாம் என்று வந்தவள், கடைக்கார அண்ணாச்சியைப் பார்த்ததும் சாக்கைக் கீழே போட்டுவிட்டாள்.

மயிலுக்குத்தான் வைத்தேன், இந்தக் குருவி தின்னும் என்று தெரியாது என்றாள். மயிலைக் கொன்றால் ஜெயில் என்கிறார்களே, தான் உள்ளே போனால் அந்த மனுசனுக்குக் கஞ்சி ஊற்ற நாதியில்லை என்றாள். அவர் உள்ளங்கையில் இருந்த குருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட என்ன சொல்லி வாங்கின?" என்று கடைசியில் கேட்டார்.

"தண்டுப்புழுவுக்குன்னு சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். சுடலைவடிவு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கதிரு வந்தபொறவு எவளாவது தண்டுப்புழுவுக்கு மருந்து கேப்பாளா அண்ணாச்சி? ஒங்களுக்குத் தெரியாததா. நீங்களும் ஒண்ணும் கேக்கலியே."

அவள் குற்றம் சொல்லவில்லை. உதவி செய்தவரிடம் பேசுகிற குரலில்தான் சொன்னாள். வன்னியராஜுக்கு அந்த நாள் நினைவிருந்தது. அவள் கேட்டதும், வயலில் கதிர் நிற்பதும், இளம்பயிரில் போடுகிற மருந்து இனி புழுவுக்கு ஆகாது என்பதும் அவர் மனசில் ஓடின. தெரிந்தேதான் எடுத்துக் கொடுத்தார்.

அவள் மம்பட்டியை வாங்கி அவரே குழி வெட்டினார். நாய் தோண்டாத ஆழத்துக்கு வெட்டி, மயில்களைக் கீழே போட்டார், குருவிகளை மேலே. சிந்திய அரிசியை இரண்டு பேரும் குத்தவைத்துப் பொறுக்கி அதே குழியில் கொட்டினார்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் யாரிடமும் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை அந்த மருந்தைக் கேட்டு ஒருவர் வந்தார். எதுக்கு என்று வன்னியராஜ் கேட்டார். இதென்ன புதுசா விசாரணை என்று வந்தவர் சிரித்தார். சரக்கு இல்லை என்று வன்னியராஜ் அவரை அனுப்பிவிட்டார். வந்தவர் படியிறங்கி, எதிர்க்கடைக்குப் போய், அதே பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போவதை இவர் கல்லாவில் இருந்தபடி பார்த்தார். மறுநாள் இன்னொருவர். அவரும் எதிர்க்கடைதான்.

அடுத்த ஞாயிறு விடியும்போது சுடலைவடிவு வரப்பில் நின்று பழைய எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டிருந்தாள். மயில் கூட்டம் தோப்போரம் காத்து நின்றது. வீட்டில் புருசனுக்குக் கழுவிவிட வேண்டும், கஞ்சி வைக்க வேண்டும். இங்கே நகர்ந்தால் கதிர் போய்விடும். வன்னியராஜ் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். நீ போ, நான் பாத்துக்கிடுதேன் என்று சொல்லி டின்னை வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மின்கம்பியில் ஒரே ஒரு மஞ்சச் சட்டைக்காரர் வந்து உட்கார்ந்தார். எங்கே தப்பிப் பிழைத்ததோ. தலையைத் திருப்பி, கூட்டத்தைத் தேடுகிற மாதிரி பார்த்தது. பிறகு வயலைப் பார்த்தது. எதிர்க்கடைப் பொட்டலம் எந்த வரப்பில் சிந்திக் கிடக்கிறதோ. பாடுவதற்குத் தொண்டை உப்பியது.

வன்னியராஜ் டின்னை அதன் பக்கம் திருப்பி, கம்பால் ஓங்கி அடித்தார். அது போன பிறகும் அடித்தார்.