நூறு சதவீதத்தில் நின்றுபோன வகுப்பு

திருவேங்கடத்தில் தனியார் பள்ளி வேலையை விட்ட பிறகு, என் மனைவி ஆன்லைனில் கணக்கு சொல்லித்தரும் நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் மறு வாய்ப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவளுடைய தம்பி கோவையிலிருந்து மின்சாரம் மிச்சப்படுத்தும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை வாங்கி வந்திருந்தான். அதன் சிவப்புப் பாயிண்டில் லேப்டாப்பைச் செருக வேண்டும். லேப்டாப்பை அணைத்தால், மற்ற பாயிண்டுகளில் இருக்கும் மானிட்டர், வைஃபை பெட்டி, விளக்கு எல்லாம் தாமாக அணைந்துவிடும். ஓரத்தில் உள்ள ஒரு பாயிண்டில் மட்டும் எப்போதும் மின்சாரம் இருக்கும்.

மாதிரி வகுப்புக்கு முந்தின நாள் ஒத்திகை. தம்பிதான் மாணவன். முக்கியமான வேலை என்றால் எங்கள் ஊரில் முதலில் சார்ஜ் போட்டுவிடுவோம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. மதியத்திலிருந்தே லேப்டாப் சிவப்புப் பாயிண்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பின்னக் கணக்கைத் தொடங்கிய சற்று நேரத்தில் மானிட்டர் இருண்டது.

அடுத்த அறையிலிருந்து தம்பி கத்தினான். "கரண்டு போயிட்டுக்கா!"

"ஏலே, தலைக்கு மேல ஃபேன் சுத்துது. கரண்டு எங்கல போச்சு?"

அதன் பிறகு மானிட்டர் வருவதும் போவதுமாக இருந்தது. தம்பிக்கு முகம் தொங்கிவிட்டது.

"பழைய பாக்ஸையே மாட்டுக்கா. இத நான் கொண்டு போயிருதேன்."

"சும்மா கெட. வாங்கிட்டு வந்தவன் பேசுத பேச்சால இது?"

லேப்டாப் வயரைப் பிடுங்கி, பேட்டரி கொஞ்சம் இறங்கும்வரை விட்டு, மறுபடி செருகினாள். சார்ஜ் ஏறும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடின. நூறு சதவீதம் வந்ததும் மானிட்டர் இருண்டது.

"பேட்டரி நெறஞ்சிட்டுன்னா லேப்டாப் கொஞ்சந்தான் கரண்டு இழுக்குது. நான் அதை அணைச்சிட்டேன்னு இந்தப் பாக்ஸ் நெனச்சிக்கிடுது" என்றாள்.

"அப்போ சார்ஜ் கொறச்சலா வச்சுக்கிட்டு கிளாஸ் எடு."

"நடுவுல கரண்டு போனா? போன் நெட்டுல ஓட்டிக்கிடலாம். லேப்டாப்பே செத்துட்டா என்னல செய்ய?"

லேப்டாப்பை ஓரத்துப் பாயிண்டுக்கு மாற்றினாள். சிவப்புப் பாயிண்டில் டேபிள் ஃபேனைச் செருகி ஓடவிட்டாள். சத்தம் மைக்கில் விழாதபடி அதைச் சுவர் பக்கம் திருப்பினாள்.

"கிளாஸ் எடுக்கப்போறது நீயா, ஃபேனாக்கா?"

"ரெண்டு பேருந்தான். நீ கணக்கப் போடு."

மறுநாள் பேட்டரி முழுதாக நிறைந்திருந்தது. வகுப்பு ஓர் இடத்திலும் நிற்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு ஃபேனை அணைத்தாள். மானிட்டரும் வைஃபையும் விளக்கும் கூடவே அணைந்தன.

மாலையில் அழைப்பு வந்தது. திங்கட்கிழமை முதல் வேலை. அவள் போனை வைப்பதற்குள், தெருவில் யாரிடம் முதலில் சொல்லலாம் என்று யோசித்தபடி நான் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன்.